மொய் நோட்டும் மழை நோட்டும்

எங்கள் பந்தல்குடிப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால், சாப்பாட்டுப் பந்திக்கு அடுத்தபடியாகக் கூட்டம் நெருக்குகிற இடம் மொய் எழுதும் மேசைதான். பெரிய வீட்டு விசேஷமாக இருந்தால் ஒரு மேசை போதாது. நான்கு ஐந்து போடுவார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார்; பக்கத்தில் இருப்பவர் நோட்டில் எழுதுவார். ஊர், பெயர், தொகை. ஓர் ஆளுக்கு ஒரு வரி. அவ்வளவுதான் விதி.

மறுநாள் வீட்டார் கணக்குப் பார்க்க உட்காருவார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த மொய் எவ்வளவு, திருச்சுழியிலிருந்து எவ்வளவு என்று ஊர்வாரியாகத் தெரியவேண்டும். ஐந்து நோட்டையும் ஒருவரே புரட்டினால் பொழுது சாய்ந்துவிடும். எனவே நோட்டுக்கு ஒருவராகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் தம் நோட்டில் உள்ளதை ஊர் ஊராகப் பிரித்துத் துண்டுத் தாளில் குறிப்பார். பிறகு அருப்புக்கோட்டைத் துண்டுகளையெல்லாம் ஒருவர் வாங்கிக் கூட்டுவார். திருச்சுழித் துண்டுகளை இன்னொருவர். அரை மணியில் வேலை முடிந்துவிடும்.

மாணவ நண்பர்களே! உலகத்தின் மிகப் பெரிய கணிப்பொறிக் கூட்டங்கள் வேலை செய்யும் முறையும் இதுவேதான் என்றால் நம்புவீர்களா? 2004ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி டீன், சஞ்சய் கெமாவத் என்ற இருவர் 'மேப்-ரெட்யூஸ்' என்னும் முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதினார்கள். நோட்டை ஆளுக்கொன்றாகப் பிரித்து, வரி வரியாகப் படித்து, ஊர்ப் பெயரைத் தலைப்பாக இட்டுத் துண்டு எழுதுவது 'மேப்'. ஒரே தலைப்புள்ள துண்டுகளை ஓரிடத்தில் சேர்த்துக் கூட்டுவது 'ரெட்யூஸ்'. இந்தக் கருத்தைக் கொண்டு டக் கட்டிங், மைக் கஃபரெல்லா ஆகியோர் உருவாக்கிய 'ஹடூப்' என்ற இலவச மென்பொருள் 2006இல் வெளிவந்தது. ஹடூப் என்பது கட்டிங்கின் மகன் வைத்திருந்த பொம்மை யானையின் பெயர்! 2009இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மாத்தெய் ஸஹாரியா தொடங்கிய 'ஸ்பார்க்' அதற்கு அடுத்த தலைமுறை. இடையில் கிடைக்கும் விடைகளை ஒவ்வொரு தடவையும் வட்டில் எழுதிப் படிக்காமல், கூடியவரை நினைவகத்திலேயே வைத்துக்கொள்வதால் அதற்கு வேகம் அதிகம்.

இந்த வேகத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறு. மொய்க் கணக்கில் தகராறு எங்கே வருகிறது? கூட்டலிலா? பெரும்பாலும் இல்லை. எழுதும்போது வருகிறது, எழுதியதைப் படிக்கும்போது வருகிறது. கணிப்பொறிக் கூட்டத்திலும் அப்படியே. கோப்பை உள்ளே ஏற்றுகிற அந்த முதல் படியில்தான் பாதி உண்மை நிற்பதும் கெடுவதும் தீர்மானமாகிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்தப் படியைக் கல்லூரிகளில் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகிறோம். நானும் அப்படித் தாண்டியவன்தான். அதனால் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

முதலில் எழுத்துக் கோப்பு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நம் கண்ணுக்கு அது வரி வரியாக, கட்டம் கட்டமாகத் தெரிகிறது. இயந்திரத்துக்கு அப்படி இல்லை. அதற்கு அது பைட்டுகளால் ஆன ஒரே நீளமான கயிறு. வரி முடிந்தது என்பதற்கு 10 என்ற எண் உள்ள ஒரு பைட் அடையாளம். கட்டம் முடிந்தது என்பதற்கு ஒரு காற்புள்ளி அடையாளம். இவற்றைத் தவிர வேறு எந்த எல்லையும் கிடையாது.

பெரிய கோப்பு ஒன்றை ஹடூப்பில் வைத்தால், அது கோப்பைப் பொதுவாக 128 மெகாபைட் கொண்ட துண்டுகளாக வெட்டிப் பல கணிப்பொறிகளில் வைக்கும். ஒரு கணிப்பொறி பழுதானால் துண்டு போய்விடக் கூடாது என்று வழக்கமாக மூன்று பிரதிகள் வைக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெட்டும் கத்திக்குக் கண் கிடையாது. 128 ஆனதும் வெட்டும். அங்கே வரி முடிந்ததா, நடுவில் இருக்கிறதா என்று பார்க்காது. மொய் நோட்டில் ஒருவருடைய ஊரும் பெயரும் ஒரு துண்டிலும், தொகை அடுத்த துண்டிலும் கிடந்தால் என்ன ஆகும்?

இதற்கு ஒரு அழகான உபாயம் கண்டிருக்கிறார்கள். முதல் துண்டைத் தவிர மற்றத் துண்டுகளைப் படிப்பவர், தம் துண்டின் தொடக்கத்தில் முதல் வரிமுடிவு வரும் வரை உள்ளதைத் தள்ளிவிட வேண்டும். அதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தம் துண்டின் கடைசி வரி பாதியில் நின்றால், அடுத்த துண்டுக்குள் எட்டிப் பார்த்து அந்த வரியை முடித்துக்கொள்ள வேண்டும். யோசித்துப் பாருங்கள்: எந்த வரியும் விட்டுப்போகாது, எந்த வரியும் இரண்டு முறை எண்ணப்படாது. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவும் வேண்டியதில்லை! நான் வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒரு பழைய மொய் நோட்டையே பக்கங்களின் நடுவில் கிழித்துக் காட்டுவது வழக்கம்.

ஆனால் இந்த உபாயம் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு வரி என்பதே அது. யாராவது குறிப்புக் கட்டத்தில் 'கண்மாய் பெருகியது' என்று எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போய் 'மறுகால் பாய்ந்தது' என்று முடித்திருந்தால், இயந்திரம் அதை இரண்டு ஆளாகப் படிக்கும். அப்படிப்பட்ட கோப்புகளை ஏற்றவும் வழி உண்டு. ஆனால் அப்போது கோப்பை வெட்டிப் பங்கிட முடியாது, ஒருவரே முழுவதையும் படிக்க வேண்டும். ஜிஸிப் முறையில் சுருக்கிக் கட்டிய கோப்பும் அப்படித்தான். நெருக்கித் தைத்த பருத்திப் பொதி மாதிரி. தலையிலிருந்துதான் பிரிக்க வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நீண்ட காலமாக மழைமானி வைத்து நோட்டில் எழுதி வந்தார்கள். 25 ஆண்டு மழை. அந்த நோட்டுகளை என் மாணவர்கள் சிலர் கணிப்பொறியில் தட்டச்சு செய்தார்கள். நாளுக்கு ஒரு வரி. ஆக ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரிகள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் இதற்கு ஸ்பார்க் தேவையே இல்லை. ஒரு சாதாரணக் கணிப்பொறி கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். எறும்பு சுமக்க வேண்டியதை யானை முதுகில் ஏற்றிய கதைதான். ஆனாலும் கற்றுக்கொள்வதற்காக ஆய்வுக்கூடத்தில் மூன்று கணிப்பொறிகளை இணைத்து, அதில் ஏற்றினோம். மாதவாரியாகச் சராசரி மழையைக் கணக்கிட்டு வரைபடம் போட்டாயிற்று. இயந்திரம் 'முடிந்தது' என்றது. நான் மகிழ்ச்சியோடு அந்தப் படத்தை வீட்டுக்கு எடுத்து வந்து என் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் கரிசல் காட்டில் பருத்தியும் மல்லியும் சோளமும் போட்டுப் பழகியவர். வரைபடம் படித்தவர் அல்லர். ஆனால் பன்னிரண்டு குச்சிகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்பதைப் பார்த்தார்.

"என்னய்யா இது, எந்த ஊர்க் கணக்கு?" என்றார்.

"நம்ம ஊர்தான் பெரியப்பா."

"ஐப்பசிக்கும் மாசிக்கும் ஒரே மழையா? அப்படிப் பெய்தால் நான் ஏன் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்?"

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் வறண்ட பூமியில் ஆண்டு மழை ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். அதில் ஏறத்தாழ பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்களில், வடகிழக்குப் பருவத்தில் வருவது. எங்கள் படத்தில் பருவமே இல்லை! அது மட்டுமா? பன்னிரண்டு குச்சிகளையும் கூட்டிப் பார்த்தால் 80 சென்டிமீட்டர் வரவில்லை. 32க்குப் பக்கத்தில் வந்தது.

காரணம் என்ன தெரியுமா? தேதி. நம் நோட்டில் 05/11 என்றால் நவம்பர் 5. நாங்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட நிரல் அமெரிக்கப் பழக்கத்தில் எழுதப்பட்டது; அதற்கு 05/11 என்றால் மே 11. சரி, 25/11 என்றால்? 25ஆவது மாதம் கிடையாது. ஆகவே அந்தத் தேதியை வெற்றிடமாக விட்டுவிட்டது. தேதி இல்லாத வரி எந்த மாதத்திலும் சேராது அல்லவா? இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாள் மட்டும் பிழைக்கும். ஆண்டுக்கு 144 நாள். மீதி 221 நாள் காணாமல் போகும். 365இல் 144 என்பது நூற்றுக்கு 40க்குச் சற்றுக் குறைவு. 80 சென்டிமீட்டர் 32 ஆனது இதனால்தான். பிழைத்த 144இலும் சரியான இடத்தில் நிற்பவை 1/1, 2/2 என்று தொடங்கி 12/12 வரை உள்ள 12 நாட்கள் மட்டுமே. மற்றவை இடம் மாறியவை. 'மே மாதம்' என்று இயந்திரம் காட்டியது உண்மையில் பன்னிரண்டு மாதங்களின் 5ஆம் தேதிகள். 'ஜூன்' என்பது 6ஆம் தேதிகள். எல்லா மாதமும் எல்லா மாதத்தின் கலவை; ஆகவேதான் குச்சிகள் சமமாக நின்றன.

நான் பௌதிகம் கற்பிப்பவன். வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்தவுடன் 'பூஜ்யப் பிழை பார்த்தாயா?' என்று கேட்பவன். அப்படிப்பட்ட நான், 221 நாள் மழையைத் தொலைத்த கருவியிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தவறு இயந்திரத்துடையது அல்ல. சொன்னதைத்தான் அது செய்தது.

தேதித் தவறைத் திருத்தினோம். 2023-12-18 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதிவிட்டால் எந்த நாட்டுக்காரருக்கும் ஐயம் வராது. வெறும் எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் காலவரிசை தானாக வந்துவிடும். பருவமழை படத்தில் திரும்பி வந்தது. ஆனால் நவம்பர்க் குச்சி நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குட்டையாகவே இருந்தது. ஒரு தரம் சூடு கண்டவன் அல்லவா? இந்தத் தடவை நோட்டையே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மழை இல்லாத நாட்களில் '0' என்று எழுதியிருந்தார்கள். சில நாட்களில் ஒன்றும் எழுதவில்லை. எங்கள் நிரலோ ஏற்றும்போதே காலிக் கட்டங்களில் 0 போட்டு நிரப்பியிருந்தது. நிரப்பச் சொன்னது நாங்கள்தான். காலியிடம் இருந்தால் கூட்டல் தகராறு செய்யும் என்று பயந்தோம்.

பூஜ்யம் என்பது ஓர் அளவீடு. ஒருவர் காலை 8.30 மணிக்கு மழைமானிக்குப் போனார், குனிந்து பார்த்தார், உலர்ந்து இருந்தது, எழுதினார். வெற்றிடம் என்பது யாரும் போகவில்லை என்பது. இரண்டும் எப்படி ஒன்றாகும்? அதிலும் எங்கள் கரிசல் மண்ணை அறிந்தவர்களுக்கு ஒன்று புரியும். நல்ல மழை பெய்தால் செருப்போடு மண் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. மழைமானி வரை போக முடியாத நாள், பெரும்பாலும் மழை பெய்த நாள்தான்! ஆக வெற்றிடங்கள் ஆண்டு முழுவதும் சீராகச் சிதறிக் கிடக்கவில்லை. மழையை ஒட்டியே கூடி நின்றன. அவற்றைப் பூஜ்யமாக்கியதால் மழை பெய்த நாளையே குறிவைத்து அழித்திருந்தோம். இன்னொரு கூத்தும் உண்டு. மூன்று நாள் போகாதவர் நான்காம் நாள் போய் அளந்தால், தேங்கி நின்ற நான்கு நாள் நீரும் ஒரே நாள் கணக்கில் விழும். பார்ப்பவருக்கு அது பெருமழை.

இது ஒரு பள்ளிக்கூடத்து நோட்டு. இந்திய வானிலைத் துறை 1875இல் தொடங்கப்பட்டது. அத்துறை நாடு முழுவதற்கும் 1901 முதற்கொண்டு நாள்வாரி மழை அளவைக் கட்டம் கட்டமாகத் தொகுத்திருக்கிறது. கால் பாகை நீள அகலமுள்ள கட்டங்கள். 2014இல் விளக்கப்பட்ட அந்தத் தொகுப்புக்கு 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகள் பயன்பட்டன. எல்லா நிலையமும் எல்லா ஆண்டும் ஒரு நாள் தவறாமல் எழுதியிருப்பதாக வைத்துக்கொண்டால், 110 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 28 கோடி வரிகள் ஆகும். வரிக்கு 30 பைட் என்றால் 840 கோடி பைட். 128 மெகாபைட் துண்டுகள் அறுபதுக்கு மேல். உண்மையில் எல்லா நிலையமும் எல்லா ஆண்டும் இருந்ததில்லை. அளவு இல்லாத இடத்தில் அத்தொகுப்பில் -999 என்ற எண்ணைப் போட்டிருக்கிறார்கள். மழை ஒருபோதும் எதிர் எண் ஆகாது. ஆகவே இது 'அளவு இல்லை' என்பதற்கான வெளிப்படையான குறி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குறியை முன்கூட்டியே சொல்லாமல் கோப்பை ஏற்றினால், இயந்திரம் -999 மில்லிமீட்டர் மழையையும் மற்ற மழையோடு கூட்டி, சராசரியும் போட்டுக் கொடுத்துவிடும்!

அலகும் அப்படித்தான். 1956இல் மெட்ரிக் அளவு முறைக்குச் சட்டம் வருவதற்கு முந்திய பழைய மழைப் பதிவுகள் அங்குலத்தில் உள்ளவை. கோப்பில் 1.25 என்று மட்டும் இருந்தால் அது தூறலா, நல்ல மழையா? மில்லிமீட்டர் என்றால் தூறல். அங்குலம் என்றால் 31.75 மில்லிமீட்டர், உழவுக்குப் போதும். நேரமும் அப்படியே. நம் காலை 8.30 மணி என்பது உலகப் பொது நேரப்படி 3 மணி. ஒரு தானியங்கிக் கருவி உலக நேரத்திலும் மற்றொன்று நம் நேரத்திலும் எழுதினால், ராத்திரி பெய்த மழை இரண்டு கோப்புகளில் இரண்டு நாளாகப் பிரியும்.

'அப்படியானால் ஏற்றும்போதே சந்தேகத்துக்குரிய எண்களைத் தள்ளிவிட்டால் போகிறது' என்று ஒரு மாணவன் சொன்னான். ஒரே நாளில் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை என்று வந்தால் அது தட்டச்சுத் தவறாகத்தான் இருக்கும் என்பது அவன் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில், நம் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியின் காயல்பட்டினத்தில் பதிவான மழை எவ்வளவு தெரியுமா? 95 சென்டிமீட்டர். எங்கள் ஊரின் ஓராண்டு மழையைவிட அதிகம், ஒரே நாளில்! தாமிரபரணிக் கரை ஊர்கள் நீரில் மிதந்தன. அந்த மாணவனின் விதியை எழுதி வைத்திருந்தால், அந்த மாவட்டத்தின் மிக முக்கியமான எண்ணை இயந்திரம் வாசலிலேயே தள்ளியிருக்கும். ஐயத்துக்குரியதைத் தனியே எடுத்து வைத்து மனிதக் கண்ணால் பார்ப்பது வேறு. தூக்கி எறிவது வேறு.

இதெல்லாம் ஆய்வுக்கூட விளையாட்டு அல்ல. நம் நாட்டில் 2016இல் மறுசீரமைக்கப்பட்ட வானிலை அடிப்படைப் பயிர்க் காப்பீட்டில், குறிப்பிட்ட நிலையத்தில் பதிவான மழையை வைத்தே இழப்பீடு கணக்கிடப்படுகிறது. மழை இல்லாத நாட்கள் தொடர்ச்சியாக எத்தனை என்பது போன்ற அளவுகளைக் கொண்டு கணக்குப் போடும் முறை அது. அப்படிப்பட்ட கணக்கில் நடுவில் ஒரு வெற்றிடம் பூஜ்யமானால் வறட்சி நீளும். தவறான ஓர் எண் புகுந்தால் வறட்சி பாதியில் அறுந்துபோகும். சம்சாரியிடம் போய் 'ஏற்றும்போது தேதி புரண்டுவிட்டது' என்று யார் சொல்வது?

நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லாமல் விட முடியாது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் கோவிலாங்குளம் என்ற ஊர் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர். எங்கள் கோப்பில் ஊர்வாரியாக எண்ணியபோது கோவிலாங்குளம் இரண்டு தடவை வந்தது. திரையில் இரண்டும் ஒன்று போலவே இருந்தன. எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இயந்திரம் அவற்றை இரண்டு ஊர் என்று சாதித்தது. யூனிகோடு முறையில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுடன் ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது முன்னால் நிற்கும் இரட்டைக் கொம்பைத் தனியாகவும், பின்னால் வரும் காலைத் தனியாகவும் சேர்க்கலாம். யூடிஎஃப்-8 என்ற முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ஆக ஒரு 'கோ' 6 பைட், இன்னொரு 'கோ' 9 பைட்! கண்ணுக்கு ஒன்று, கணக்குக்கு இரண்டு. ஏற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி யூனிகோடிலேயே இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. தமிழில் தகவல் குறைவு என்று வருத்தப்படுகிறோம். இருப்பதையே இரண்டாக எண்ணுவதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

யூடிஎஃப்-8ஐக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 1992இல் கென் தாம்சன், ராப் பைக் இருவரும் வகுத்த அம்முறை வியக்கத்தக்கது. அதில் தமிழ் எழுத்தின் 3 பைட்டுகளுள் எதுவும் ஒருபோதும் 10 ஆக இராது. ஆகவே கண்ணில்லாத கத்தி ஒரு தமிழ் எழுத்தையே இரண்டாக வெட்டினாலும், வரிமுடிவைத் தேடுகிறவர் ஏமாற மாட்டார். முன்னே சொன்ன உபாயம் தமிழுக்கும் அப்படியே செல்லும்.

இனி என் கட்சியைச் சொல்கிறேன். ஸ்பார்க்கில் காற்புள்ளியிட்ட கோப்பை ஏற்றும்போது, ஒழுங்கில்லாத வரி வந்தால் என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, புரியாத கட்டத்தை வெற்றிடமாக்கிவிட்டுப் போவது. இரண்டு, அந்த வரியையே விட்டுவிடுவது. மூன்று, அங்கேயே நின்று 'இது சரியில்லை' என்று கூவுவது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் முதல் வழிதான் நடக்கும். மாணவர்களுக்கு மூன்றாவது வழியைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும் என்கிறேன். எந்தக் கட்டம் எண், எந்தக் கட்டம் தேதி, அது எந்த வரிசையில் என்பதை இயந்திரத்தின் ஊகத்துக்கு விடாமல் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறேன். அப்படிச் செய்திருந்தால் எங்கள் கோப்பு முதல் மாதத்தின் 13ஆம் தேதி வரியிலேயே நின்றிருக்கும். பெரியப்பா வரை போயிருக்காது.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "சார், ராத்திரி முழுக்க ஓடுகிற வேலை, ஒரு கெட்ட வரிக்காக நின்றுபோனால் காலையில் எங்கள் மேலதிகாரி சும்மா விடுவாரா?" என்றார். அவர் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. பல கோடி வரிகளில் சில கெட்டதாகத்தான் இருக்கும். ஆனால் அவரே சொன்ன இன்னொரு செய்தி எனக்குப் பிடித்தது. அவர்கள் கெட்ட வரிகளை விட்டுவிடுவதில்லை. தனிக் கோப்பில் சேர்த்து வைத்து, உள்ளே போனவை எத்தனை, வெளியே நின்றவை எத்தனை என்று ஒவ்வொரு நாளும் எண்ணுகிறார்கள். இரண்டையும் கூட்டினால் மொத்த வரிகள் வரவேண்டும். வராவிட்டால் கணக்கை வெளியே அனுப்புவதில்லை. நான் இதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் 221 நாளும் எங்காவது ஒரு தனிக் கோப்பில் குவிந்து கிடந்திருந்தால் யாராவது பார்த்திருப்போமே!

ஆனால் பள்ளியிலோ கல்லூரியிலோ ராத்திரி முழுக்க ஓடும் வேலை ஏது? நமக்கு அவசரம் இல்லை. நின்று பார்க்க நேரம் இருக்கிறது. உங்கள் பள்ளியில் மழைமானி இருந்தால் அதன் நோட்டை எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் நேரான சுவருள்ள ஒரு தகரக் குவளையும் ஓர் அளவுகோலும் போதும்; வாய்க்கும் அடிக்கும் ஒரே அகலம் இருந்தால், உள்ளே நிற்கும் நீரின் உயரமே மழை அளவு. மரநிழலும் கூரைச் சொட்டும் படாத இடத்தில் வைத்து, தினம் காலை 8.30க்கு அளந்து எழுதுங்கள். தலைப்பில் அலகை எழுதுங்கள். போகாத நாளுக்குப் 'போகவில்லை' என்று எழுதுங்கள். அந்த நோட்டைக் கணிப்பொறியில் ஏற்றும் முன் எத்தனை வரி என்று கையால் எண்ணுங்கள். ஏற்றிய பின் இயந்திரத்தை எண்ணச் சொல்லுங்கள்.

எங்கள் நோட்டில் ஒரு நவம்பரில் ஒன்பது நாள் தொடர்ந்து காலி. அந்த மாணவன் விடவில்லை. பெரியப்பாவிடமே போய்க் கேட்டான். "அந்த வாரம் ரெண்டு உழவு மழை இருக்கும் தம்பி. மேலக் கண்மாய் மறுகால் போச்சு" என்றார் அவர். அவன் அதை மில்லிமீட்டராக்கி எழுதிவிடலாமா என்று என்னிடம் கேட்டான். வேண்டாம் என்றேன். அவர் சொன்னதைக் குறிப்புக் கட்டத்தில் அப்படியே எழுதினோம், ஒரே வரியில். எண் இருக்க வேண்டிய கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.